மடிக்கணினியை மடியில் வைக்காதீர்கள்!

'மடிக்கணினி' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. ஆனால் அந்தப் பெயரை நம்பி அதை மடியில் வைத்துக்கொள்பவர்கள் ரொம்பப் பேர். கழுத்து வலி, முதுகு வலி, கண் எரிச்சல் என்று இருபது வயதிலேயே புலம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 2019இல்). கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களிலும், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பலருடைய வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் கணினி வந்த வீட்டில் அதை வைக்க மேசை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பிரச்சினை கணினியின் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியாகக் கீழே வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக மேலே வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு தாங்கும் பாரம் சுமார் 27 கிலோ என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டார். ஒரு மூட்டை சிமென்ட்டில் பாதிக்கும் மேல்! கட்டிலில் படுத்துக்கொண்டு தலையணை மேல் வைப்பதும் தீர்வல்ல. கழுத்தும் வளையும், காற்றுத் துளை அடைபட்டுக் கணினியும் சூடாகும்.

இதற்கு ஆலோசனை தேடினால் என்ன கிடைக்கிறது? சுழல் நாற்காலி வாங்கு, உயரம் மாற்றும் மேசை வாங்கு. நான்கு பேர் தங்கும் விடுதி அறையிலும், ஒற்றை அறை வீட்டிலும் அதை எங்கே போடுவது? நம்மில் பலர் தரையில் உட்கார்ந்துதான் படிக்கிறோம். தரையில் உட்காருவது குற்றமில்லை. கூன் போட்டு உட்காருவதுதான் தவறு.

தரையிலேயே சரியாக அமைத்துக்கொள்ளலாம்:

1. போர்வையை நான்காக மடித்து அதன்மேல் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். பின்னால் சுவர், இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை.

2. டிரங்குப் பெட்டியின் மேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கணினியை வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

3. தனி விசைப்பலகையும் மவுசும் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அதை ஒரு தாழ்ந்த பலகைமேல், முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும் உயரத்தில் வையுங்கள்.

4. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும். இருட்டறையில் திரை மட்டும் பளீரென்று எரிய வேண்டாம்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கத்தான் வேண்டும். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதை முதுகு பொறுக்காது.

அடுத்து கண். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண் காய்ந்து எரிவது அதனால்தான். 'நீல ஒளி தடுக்கும்' கண்ணாடிக்குக் காசு கொடுப்பவர்கள் கவனிக்கவும்: கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2023இல் சொல்லிவிட்டது. அதற்குப் பதில் காசில்லாத வழி ஒன்று உண்டு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது. கல்வராயன் அடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பார்க்க மலையே இருக்கிறது!

"சாலையும் செல்போன் சிக்னலும் சரியாக இல்லாத மலைக்கிராமத்துக்கு இதெல்லாம் ஆடம்பரம்" என்று சிலர் சொல்லலாம். உண்மையில் அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போய், கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிற பிள்ளைக்குக் கண்ணும் முதுகும்தான் முதலீடு. அது கெட்டால் தாங்கிப் பிடிக்கச் சொத்தோ சேமிப்போ பின்னால் இல்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதோடு ஒரு விசைப்பலகையும் ஒரு தாழ்ந்த சாய்வு மேசையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிய மேசை நமக்குப் புதிதல்ல. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களைச் செதுக்கும் கைகள் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கின்றன. மாணவருக்கு மேசை, மரவேலைக்காரருக்கு வேலை.

அரசு தரும்வரை டிரங்குப் பெட்டி போதும். இன்றைக்கே மடியிலிருந்து இறக்கி வையுங்கள்.