தேடட்டும், கேட்காமல் திறக்க வேண்டாம்!

புதுவை குருசுக்குப்பத்தில் எங்கள் தெரு முடிந்தால் கடல்தான். உப்புக்காற்றில் சைக்கிள் செயின் முதல் சிபியூ கேபினட் ஸ்குரூ வரை எல்லாம் துருப்பிடிக்கும். "ஹார்டுடிஸ்க் படுத்துவிட்டது" என்று யாராவது வந்து கதவைத் தட்டுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த ஹார்டுடிஸ்கை மட்டும் மறக்க முடியவில்லை.

அக்காவின் லேப்டாப் கீழே விழுந்துவிட்டது. மறைந்துபோன அவருடைய அப்பாவின் போட்டோக்களும் வீடியோக்களும் அதில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. ஒரு கடையில் அந்த ஹார்டுடிஸ்கைக் கழற்றி, கடை கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக மாட்டி ஆன் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் பூட் ஆகும்போதே, "இந்த டிஸ்கைச் சோதிக்க வேண்டியுள்ளது, வேண்டாமென்றால் சில விநாடிகளுக்குள் ஒரு கீயை அழுத்தவும்" என்று திரையில் வந்திருக்கிறது. கடைக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். கீயை அழுத்த ஆளில்லை. அடிபட்ட டிஸ்கில் செக்டிஸ்க் பல மணி நேரம் ஓடியது. என்னிடம் வந்தபோது போட்டோ போல்டர்கள் இருந்த இடத்தில் "பவுண்ட்.000" என்ற போல்டரும், அதற்குள் பெயரில்லாத துண்டு பைல்களும்தான் மிச்சம். கால்வாசிப் படங்களைத்தான் மீட்க முடிந்தது.

"கம்ப்யூட்டரே சரி பண்ணிக்கும்னு சொன்னாங்களேப்பா?" என்று கேட்டார் அக்கா. என்னிடம் பதிலில்லை. செக்டிஸ்கின் வேலை பைல் சிஸ்டத்தின் கணக்கை நேர் செய்வது. நம் பைல்களைக் காப்பாற்றுவது அல்ல. கணக்கில் இடிக்கும் பைலை வெட்டிவிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்லும். நல்ல டிஸ்குக்கு அது மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்குக்கு விஷம். எது எந்த டிஸ்க் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்படியிருக்க, அது யாரைக் கேட்டு ஆரம்பித்தது?

என் கருத்தைச் சொல்லும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு டிஸ்கையோ பென் டிரைவையோ செருகினால் வரிசையாக மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலில் ஸ்டோரேஜ் டிரைவர் "யார் வந்திருப்பது?" என்று தேடி, பெயரையும் அளவையும் கேட்டுக்கொள்கிறது. இது ஸ்கேன். அடுத்து உள்ளே இருக்கும் பார்ட்டிஷனைப் படித்து, டிரைவ் எழுத்துக் கொடுத்து, திறந்து வைக்கிறது. இது மவுண்ட். மூன்றாவது, உள்ளே இருப்பதை ஓட்டுவதோ பழுது பார்ப்பதோ. வாசலில் யார் என்று பார்ப்பது, கதவைத் திறப்பது, அடுப்படி வரை அழைத்துப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கம்ப்யூட்டர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் செய்யப் பழகிவிட்டன. கோளாறு அங்கேதான்.

எல்லாம் தானாக நடப்பது ஒரு காலத்தில் வரமாகத்தான் தெரிந்தது. ஹார்டுடிஸ்கை மாட்டினால் பயாஸில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை நாமே டைப் செய்த நாட்கள் உண்டு. ஒரு எண் தவறினால் டிஸ்க் தெரியாது. பிறகு "ஆட்டோ டிடெக்ட்" வந்தது, கும்பிட்டு ஏற்றுக்கொண்டோம். ஆனால் அதே பயாஸில் "பூட் அப் பிளாப்பி சீக்" என்று ஒரு வரி இருந்ததே, நினைவிருக்கிறதா? அதை அணைத்துவிட்டால், ஆன் செய்ததும் பிளாப்பி டிரைவ் 'கர்ர்' என்று தேடுவது நின்றுவிடும். தேடலாமா வேண்டாமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யலாம் என்று அன்றே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

1995-இல் விண்டோஸ் 95 பிளக் அண்ட் பிளேயோடு ஆட்டோரன் வசதியையும் கொண்டுவந்தது. சிடிக்காகச் செய்த அந்த வசதிதான் பென் டிரைவ் காலத்தில் வைரஸுக்கு ராஜபாட்டை ஆனது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்பிக்கர் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் பென் டிரைவுக்கு ஆட்டோரன் நிறுத்தப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டா வைத்திருந்தவர்களுக்கு 2011 பிப்ரவரியில்தான் அப்டேட்டாக வந்தது. 15 வருடத்துக்கு மேல் கதவு திறந்தே கிடந்தது!

ஆட்டோரனை நிறுத்தினால் போதுமா? போதாது என்பதை 2010-இல் ஸ்டக்ஸ்நெட் காட்டியது. பென் டிரைவைத் திறந்து ஐகானைப் பார்த்தாலே போதும், அது உள்ளே வந்துவிடும். சைமன்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து அதிகம் பாதிக்கப்பட்டது இந்தியா. ஆகவே கேள்வி மூன்றாவது படியில் மட்டும் இல்லை. இரண்டாவது படியிலும் இருக்கிறது.

"கேட்டுக்கொண்டே இருந்தால் பெரியவர்கள் பயந்துவிடுவார்கள், செருகினால் வேலை செய்ய வேண்டும்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் அதே பெரியவர்கள் கையில் இருக்கும் போனைப் பாருங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால் போன் சார்ஜ் மட்டும் ஏற்றும். பைல் வேண்டுமென்றால் நாம் தொட்டு அனுமதிக்க வேண்டும். ஐபோன் 2013-இலிருந்தே "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று கேட்கிறது. ஆப்பிள் சிலிக்கான் சிப் உள்ள மேக் லேப்டாப்புகளும் 2022-இல் வந்த வென்சுரா முதல் புதிய யுஎஸ்பி கருவிக்கு அனுமதி கேட்கின்றன. யாரும் பயந்து ஓடிவிடவில்லை. நம் அரசின் சிடாக் நிறுவனமும் "யுஎஸ்பி பிரதிரோத்" என்ற மென்பொருளைத் தயாரித்து, அது 2017 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. செருகும் யுஎஸ்பி ஸ்டோரேஜ்களைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. தேவை இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. விண்டோஸில் மட்டும் இது ஏன் எல்லார் கண்ணிலும் படும் ஒரு சுவிட்சாக இல்லை?

அதற்காக ஸ்கேனையே ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை. லினக்ஸில் அந்த வசதியும் உண்டு. ஸ்கசி ஸ்கேனை வரிசையாகவா, ஒரே நேரத்திலா என்று 2006-இல் வந்த 2.6.19 கெர்னல் முதல் தேர்ந்தெடுக்கலாம். "எதையும் தேடாதே" என்றும் சொல்லலாம். நூற்றுக்கணக்கான டிஸ்க் உள்ள சர்வர்களில் இதற்கெல்லாம் பயன் உண்டு. வீட்டில் அப்படிச் செய்தால், சாட்டா டிஸ்கும் அதே வழியாகத்தான் வருவதால் நம் சொந்த ஹார்டுடிஸ்கே தெரியாமல் பூட் நின்றுவிடும். வாசலில் யாரென்று பார்ப்பதில் தப்பில்லை. கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் கோரிக்கை எளிது. புதிய டிஸ்க் வந்தால் பெயரை மட்டும் காட்டட்டும். நாம் சரி என்றதும் முதலில் படிக்க மட்டும் திறக்கட்டும். எழுதுவதும் பழுது பார்ப்பதும் தனியாகக் கேட்ட பிறகு நடக்கட்டும். அது வரும்வரை நாம் செய்யக்கூடியவை:

• விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட்டோபிளே என்று சென்று அதை ஆப் செய்யவும்.

• அடிக்கடி பிறர் டிஸ்க் மாட்டுபவர்கள், அட்மினிஸ்டிரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'மவுண்ட்வால்' கட்டளையை ஸ்லாஷ் 'என்' சேர்த்துக் கொடுக்கலாம். புதிய ஹார்டுடிஸ்க் தானாக மவுண்ட் ஆகாது. வேண்டும்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவ் எழுத்துக் கொடுக்கலாம். பழைய நிலைக்குத் திரும்ப ஸ்லாஷ் 'இ'.

• "ஸ்கேன் அண்ட் பிக்ஸ்" என்று கேட்டால், காப்பி இருக்கும் டிஸ்குக்கு மட்டும் சரி சொல்லவும்.

• டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் உடனே ஆப் செய்யவும். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, 'டிடிரெஸ்க்யூ' போன்ற மென்பொருளால் முதலில் முழு இமேஜ் எடுக்கச் சொல்லவும். பழுது பார்ப்பதெல்லாம் அந்த இமேஜில்தான்.

கீபோர்டு போல நடிக்கும் யுஎஸ்பி கருவிகளை இவை தடுக்காது. ஆனால் அக்காவுக்கு நேர்ந்தது போன்ற இழப்பைத் தடுக்க இவை உதவும். அந்த டிஸ்க் இன்னும் என் அலமாரியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. "வேற ஏதாவது புதுசா வந்தா எடுத்துப் பாருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கிப் போட மனம் வரவில்லை.