கண்ணீரும் கள்ளும்

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்றலைக் குற்றமாக்கியது. திருக்குறளோ பன்னூறு ஆண்டுகளின் முன்னரே கள்ளுண்ணாமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தது. இவ்விரண்டும் இருக்கவும், பாடசாலைப் பருவத்திலேயே மதுவைத் தீண்டும் பிள்ளைகள் உளர். சட்டமும் நீதிநூலும் தனித்து நின்று காவா என்பது இதனாற் பெறப்படும். காவலின் ஒரு பகுதி வீட்டின்கண் உள்ளது. அதுவும் பிள்ளை மதுவின் பெயரையே அறியாத இளம் பருவத்தில் தொடங்குவது.

பிள்ளை அழும்போதும் அஞ்சும்போதும் சினக்கும்போதும் பெற்றோர் என் செய்கின்றனர்? பேபிஸ், ஐசன்பர்க் முதலிய அமெரிக்க உளவியலறிஞர் 1990இல் இதனை அளத்தற்கு ஒரு வினாக்கொத்து வகுத்தனர். அதன்படி பெற்றோர் செய்கை ஆறு வகைப்படும். உணர்ச்சியை வெளியிட இடங்கொடுத்தல், ஆறுதல் கூறல், இடர் நீங்க வழிகாட்டல் என்னும் மூன்றும் பிள்ளைக்குத் துணையாவன. தண்டித்தல், அற்பமெனத் தள்ளுதல், தாமே நிலைகலங்குதல் என்னும் மூன்றும் துணையாகாதன.

“ஆம்பிளைப் பிள்ளை அழுறதே?”, “இதுவும் ஒரு கவலையோ?”, “வாயைப் பொத்து!” என்பன நம் வீடுகளிற் கேளாத சொற்கள் அல்ல. இவற்றையே நாளும் கேட்கும் பிள்ளை தன் துயரை ஆளக் கற்பதில்லை, ஒளிக்கவே கற்கின்றான். பதினாறு வயதிற் பரீட்சைத் தோல்வியோ நட்பின் பிரிவோ நேருங்கால், ஒளித்த துயர் பெருகி நிற்கும். நிதானிக்கும் ஆற்றலுக்குரிய மூளையின் முற்பகுதி இருபதுகளின் நடுக்கூறு வரை முதிர்ந்துகொண்டே இருப்பது. அந்நிலையில் ஒரு தோழன் நீட்டும் கிண்ணம் ஏசாது, நகையாது, சில நாழிகை துயரை மறப்பிக்கும். துயர் மறக்கக் குடிப்பவன் ஒவ்வொரு துயர்க்கும் அதனையே நாடுவான். ஆதலின் அக்குடி, கூட்டத்தோடு கூடி ஒருநாட் சுவைபார்ப்பதினும் கொடிது.

இஃதொன்றே காரணம் என்று கூறோம். தோழர் தூண்டுதலும், மது எளிதிற் கிடைத்தலும், தந்தையின் பழக்கமும் காரணங்களே. வடகிழக்குத் தமிழ் மாணாக்கர் 296 பேரை ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பெற்ற கட்டுரையொன்று, தந்தையின் குடியும் வீட்டு வன்முறையும் தொடர்புடையன எனக் காட்டிற்று. குடிக்கும் தந்தையின் அறிவுரை மகன் செவியில் ஏறாது என்பதற்கு ஆராய்ச்சியும் வேண்டுமோ?

“எங்கள் தகப்பனார் பிரம்போடுதான் வளர்த்தார், நாங்கள் கெட்டா போனோம்?” என வினவும் அன்பர் உளர். அக்காலத்து வீட்டில் தந்தை ஏசினால் மடியிற் கிடத்திக் கதைகேட்க ஆச்சி இருந்தார். மாமனும் சிற்றப்பனும் வேலிக்கு அப்பால் இருந்தனர். போரும் புலப்பெயர்வும் அவ்வுறவினரைப் பல தேசங்களுக்குச் சிதறச் செய்தன. இன்று பல வீடுகளிற் பிள்ளையின் குறைகேட்கத் தாயும் தந்தையுமே எஞ்சியுள்ளனர். அவரும் செவி மூடினால் அவன் எங்குச் செல்வான்?

செவிகொடுத்தல் செல்லங்கொடுத்தல் அன்று. சினம் குற்றமன்று, சினத்தால் தம்பியை அடித்தல் குற்றம். முன்னையதைக் கேட்டறிந்து, பின்னையதைக் கண்டித்தலே முறை. மது அருந்தலாகாது என்னும் கட்டளையும் வீட்டில் உறுதியாக நிற்றல் வேண்டும். தன் சொல்லைக் கேட்ட பெற்றோரின் கட்டளையையே மகனும் மதிப்பான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிற் புள்ளிகளைப் பற்றியே பேசிக் கலைகின்றோம். பிள்ளையின் மனநிலை பற்றியும் ஆண்டுக்கொரு கூட்டமேனும் நிகழ்தல் நன்று. பழைய மாணவருள் வைத்தியரும் உளவளத்துணையாளரும் இருப்பர். அவர் இதற்கு முன்வருதல் கல்லூரிக்குச் செய்யும் பெருங்கொடையாகும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், தோற்ற மாணவன் தவறணை வாசலை நாடாது வீட்டு வாசலை நாடுவானாயின், நம் கல்வி பயன்பட்டதெனக் கொள்ளலாம்.