ஓடிய கால்கள் நடக்கட்டும்



பென்சன் எடுத்த பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "நடக்கிறேன்" என்று சொல்கிறேன். சந்தைக்குப் போய் வருவதைச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் சொல்வது நெடுந்தூர நடை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு, பஸ் இருக்கத்தக்கதாக நடந்தே போவது.

இரண்டு வருடங்களுக்கு முன் அறுபது வயதில் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, மாத்தளையில் மகளோடு வந்து தங்கினேன். ஆறு மாதம் கதிரையில் இருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். முதலில் இருபது நிமிடம். பிறகு ஒரு மணித்தியாலம். நான்கு மாதத்தில் ஒரே மூச்சில் பத்து கிலோமீற்றர் நடக்க முடிந்தது. அப்போதுதான் வஹகோட்டை அந்தோனியார் கோவிலுக்கு நடந்து போக ஆசை வந்தது.

மகள் ஒரேயடியாக மறுத்தாள். "உங்களுக்கென்ன விசரே அம்மா? பஸ் ஓடுது. இந்த வயசில ஏன் நடக்கப் போறியள்? சனம் என்ன சொல்லும்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவுதான் நினைவுக்கு வந்தது. வலிகாமமே ஒரே வீதியில் திரண்டு, மழையில், தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவு. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று என் இடுப்பில் இருந்த நான்கு வயதுப் பிள்ளைதான் இன்று என்னை நடக்க வேண்டாம் என்கிறாள்.

உங்களுக்கும் அப்படி ஒரு வழி இருக்கும். 2006 இல் மூதூர், அதன்பின் வாகரை, 2009 இல் முள்ளிவாய்க்கால். பிள்ளையையும் பையையும் சுமந்துகொண்டு எவ்வளவோ தூரம் நடந்திருக்கிறோம். அதில் ஓரடியைக்கூட நாம் விரும்பி வைக்கவில்லை. மகளுக்கு இதைத்தான் சொன்னேன்: "அண்டைக்கு ஓடினது. இனி ஒருக்கா நடந்து பாக்கிறன், பிள்ளை." அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை. என் பையில் இரண்டு போத்தல் தண்ணீரை வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் விடிந்ததும் புறப்பட்டோம். ஏ9 வீதியில் பலாபத்வல வரை போய், அங்கிருந்து கலேவெல வீதியில் திரும்பினோம். அவசரப்படாமல் இரண்டு நாளாகப் பிரித்து நடந்தோம். வழியில் ஒரு சிங்கள அம்மா தன் வீட்டு விறாந்தையில் எங்களை இருத்தி, கருப்பட்டித் துண்டோடு பிளேன்ரீ தந்தார். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்கவில்லை.

தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று அந்தோனியாரை நம்பி வருகிறவர்கள் பலர். நம்மில் பலர் தேடுவது பொருளை அல்ல. நானும் ஒரு பெயரைச் சொல்லி மெழுகுதிரி ஏற்றினேன். பதில் கிடைத்தது என்று எழுத மாட்டேன். அந்தப் பெயரை அழாமல் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

மாத்தளைக்கு வரும் வடக்குப் பாதைக்கும் நடையின் கதை ஒன்று உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளுக்கூடாக மாத்தளைவரை நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். அதை நினைவுகூர்ந்து 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்களின் நடைபவனி, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் கடந்து ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. முன்னோர் துன்பத்தோடு நடந்த வழியில் இவர்கள் உரிமை கேட்டு நடந்தார்கள்.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையும் எனக்குப் பிடிக்கும். பதினொரு பிள்ளைகளின் தாய். கணவனிடம் பல வருடம் அடிவாங்கி, பிறகு விவாகரத்துப் பெற்றவர். 1954 இல் அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடக்கப் போய், வழிதவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து வீடு திரும்பினார். அடுத்த வருடம், 67 வயதில், மீண்டும் போனார். தானே தைத்த துணிப்பை, சாதாரண கன்வஸ் சப்பாத்து, மழைக்குப் போர்க்க ஒரு பிளாஸ்டிக் திரை. அவ்வளவோடு மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். பிள்ளைகளிடம் அவர் சொல்லிவிட்டுப் போனது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்பதுதான்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். சீனி வருத்தமோ பிறசரோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். சீனி வருத்தக்காரர் நடந்து வந்ததும் பாதங்களைப் பார்க்க வேண்டும். காயம் வலிக்காமலே இருக்கக்கூடும். பாட்டா செருப்போடு தூரம் போக வேண்டாம். பழகிய சப்பாத்தும் காலுறையும் போடுங்கள். புதுச் சப்பாத்து கொப்புளம் போடும். தூரத்தைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொண்டு போங்கள். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், அங்கேயே நின்றுவிடுங்கள். யானை திரியும் இடங்களில் விடியுமுன் இறங்க வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றி முடியாத இடங்களில் வீதியை விட்டு ஓரடியும் விலக வேண்டாம். ஒருவரோடு சேர்ந்து போங்கள்; வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊனமுற்ற காலோடு இதை வாசிக்கும் சகோதரிகள் இருப்பீர்கள். படலை வரை போய் வருவதும் நீங்களாக விரும்பிப் போனால் நெடுந்தூர நடைதான்.

அடுத்த மாதம் மகளும் என்னோடு வரப் போகிறாளாம். நாலந்தா வரை போக எண்ணியிருக்கிறோம். பையை இந்த முறை அவள்தான் சுமப்பாளாம்.