முகத்தில் கடித்தால் அன்றே மருந்து



மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களில் பிள்ளைகள் படியில் விழுந்து நெற்றி கிழிவது சகஜம், தையலோடு ஆறிவிடும். நாய்க்கடி அப்படியல்ல. மூன்று வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருக்கிறது. அங்கிருந்து ரேபிஸ் கிருமிக்கு மூளையும் பக்கம். 2025 ஏப்ரலில், தலையில் கடிபட்ட மலப்புறம் சிறுமி தடுப்பூசி போட்டும் இறந்தாள். சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது உடனேயும், காயத்திலேயே ரேபிஸ் எதிர்ப்பு இம்யூனோகுளோபுலின் செலுத்துவது அன்றேயும் நடக்க வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு மறுநாள் ஜீப் தேடுகிறவர்கள் இன்னமும் உண்டு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. மழை நாளில் ஜீப் கிடைக்க வேண்டுமே! வட்டவடை, அட்டப்பாடி போன்ற கேரள எல்லைப் பகுதிகளின் சுகாதார நிலையங்களில் இம்யூனோகுளோபுலின் எந்நேரமும் இருப்பில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- எஸ்டேட் வாசகர், தேவிகுளம்