சிறுதேரும் குடியிருப்பும்

பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், மருதநிலத்து உழவர் மனையொன்றைக் காட்டுமிடத்து, அங்குள்ள சிறுவர் உருட்டித் திரியும் மரத்தேர் ஒன்றையும் காட்டுகிறார். அத்தேர் ஏறிச் செலுத்துதற்கு உதவாதது. ஆயினும், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் கண்டு ஆசைகொள்ளுமாறு திருத்தமாகச் செய்யப்பட்டது. அதனை உருட்டிக் களைத்த குழந்தை செவிலியின் பாலருந்தி, அழகிய நல்ல இல்லத்திலே படுக்கையிற் கிடந்து உறங்குகிறது. விளையாட்டுத் தேரையும் வாழும் வீட்டையும் புலவர் ஒரே காட்சியில் வைத்தார். கைத்திறன் செழித்த நாட்டிலே இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக்கலை ஐந்தாண்டுப் படிப்பாக நடைபெறுகின்றது. அக்கலையைப் பயிலும் மாணவன், படிப்பின் தொடக்கம் முதலே சிறு மரத்துண்டுகளை அறுத்தும் ஒட்டியும் வீட்டின் சிற்றுருவங்களைச் செய்கிறான்; பின்னர் முக்காலி, வாங்கு, சிறு பந்தல் என்றிவற்றைத் தன் கையாலேயே செய்து பார்க்கிறான். விடுமுறையில் வீட்டுக்கு வந்து முற்றத்தில் உளியும் வாளுமாக அமர்ந்தானாயின், பெற்றோர் முகஞ் சுளிக்கின்றனர். "உயர்தரப் பரீட்சையில் இத்துணைப் பாடுபட்டுத் தேறியது ஆசாரி வேலைக்கா?" என்று அயலார் கேட்கின்றனர். அப்பிள்ளை செய்வது விளையாட்டன்று, கல்வியின் நடுவண் பகுதி என்பதும், அக்கல்வியை நம் ஊவாத் தோட்டங்களைப் போல வேண்டிநிற்கும் இடம் வேறில்லை என்பதும் எம் கருத்து.

முதலிற் சிற்றுருவத்தைக் கருதுவோம். தாளில் வரைந்த கோடுகளைக் கொண்டு வீட்டை முழுமையாக அறிதல் பழகிய கண்ணுக்கே கூடும். வீட்டில் வாழவிருக்கும் பெண்ணுக்கு அக்கோடுகள் ஒன்றையும் சொல்லா. மரத்தாற் செய்த சிற்றுருவத்தை அவள் கையிற் கொடுத்தால், அடுப்படி எங்கே, புகை எவ்வழி போகும், மழைச்சாரல் எப்பக்கம் அடிக்கும் என்று உடனே கேட்பாள். ஆதலின், கட்டுவோனும் குடியிருப்போளும் சமமாக அமர்ந்து பேசுவதற்கு உரிய மொழி அதுவேயாகும்.

எனினும், சிற்றுருவம் ஓரிடத்திலே மாணவனை ஏமாற்றவும் கூடும். பத்திலொன்றாகச் சுருக்கிச் செய்த உருவின் எடை, உண்மைக் கட்டடத்தின் எடையில் 1000இல் ஒரு பங்காகும். அதன் தூணின் வெட்டுமுகப் பரப்போ 100இல் ஒரு பங்காகவே குறைகிறது. எனவே, அத்தூணின் ஒவ்வோர் அங்குலமும் சுமப்பது உண்மைத்தூண் சுமப்பதிற் பத்திலொன்று மாத்திரமே. மேசைமேல் அசையாது நிற்கும் கூரை, மலைமேற் கட்டியவிடத்து வளைந்து தொய்வது இக்காரணத்தாலேயாம். இவ்வுண்மையைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே விளக்கினார். ஆகவே, உருட்டும் தேரோடு நில்லாமல் ஏறும் தேரையும் மாணவன் செய்தல் வேண்டும். அது மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனால் முழு அளவினதாக இருத்தல் இன்றியமையாதது.

அவ்வாறு செய்யுமிடத்து மரம் ஆசிரியனாகின்றது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்குவாக்கில் ஈரங்கொண்டாற் பருத்து, உலர்ந்தாற் சுருங்கும். பதுளையிலே ஐப்பசி முதல் தைவரை மழை. ஆனி, ஆடியில் வறண்ட காற்று. மழைக்காலத்தில் நெருக்கி அடித்த பலகை ஆடிக் காற்றிலே இடைவெளி காட்டும். காய்ந்த காலத்தில் இடமின்றிப் பொருத்திய கதவு கார்த்திகையில் திறக்க மறுக்கும். மண்ணில் நட்ட தூணைக் கறையான் கொள்ளும். கருங்கல்மேல் நிறுத்திய தூண் நெடுநாள் நிற்கும். நாற்சட்டத்தைத் தள்ளினாற் சரியும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் இட்டால் அசையாது. இவை அனைத்தும் நூலிலும் உள்ளன. ஆயினும், தான் செய்த வாங்கு தன் எடையாலேயே ஆடக் கண்ட மாணவன் இவற்றை மறப்பதில்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டா. பதுளைக்கு அண்மையில், ஹாலிஎலைப் பக்கத்திலே போகொடை மரப்பாலம் இன்றும் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டினது என அதனைக் கூறுவர். ஓடையின் மேலே மரத்தூண்கள் தாங்க, கடைந்த கைப்பிடிக் கம்புகளும் ஓட்டுக்கூரையும் உடையதாய் அஃது அமைந்துள்ளது. பாலத்துக்குக் கூரை எதற்கு என வியப்பார் பலர். வழிப்போக்கர்க்கு நிழலாவதோடு, கீழுள்ள மரத்தை மழையினின்று காப்பதும் அக்கூரையே. மரத்தின் இயல்பை அறிந்தவன் அதற்குக் குடைபிடித்தான். அதனாலன்றோ நூற்றாண்டுகள் கடந்தும் அது நிற்கின்றது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். நம் பள்ளிப் பிள்ளைகளுள் போகொடையைக் கண்டவர் எத்தனை பேர்?

பிற நாடுகளில் இக்கல்வி முறை வேரூன்றிவிட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே, பேராசிரியர் சார்ள்ஸ் மூர் 1967ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவரைக் கென்டக்கி மாநிலத்து வறிய மலைநாட்டுச் சிற்றூரொன்றுக்கு அழைத்துச் சென்று, ஊர்மக்களுக்கு ஒரு பொதுமன்றத்தைக் கட்டச் செய்தார். அங்கே தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கின்றது. நமக்கு இன்னும் அணித்தான சான்று வங்காளதேசத்து ருத்ராபூரில் உள்ளது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலே பயின்ற அன்னா ஹெரிங்கர் என்னும் மாணவி, 2004ஆம் ஆண்டில் தம் இறுதியாண்டுப் பணியாக அவ்வூருக்கு ஒரு பள்ளிக்கூடத்தைத் திட்டமிட்டார். மண்ணும் மூங்கிலும் கொண்டு ஊர்க் கைவினைஞரே அதனைக் கட்டினர். 2007ஆம் ஆண்டில் ஆகாகான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. மாணவியின் பயிற்சியொன்று ஊரார் பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று என்பதே நாம் கருத்திற் கொள்ள வேண்டுவது.

இனி நம் தோட்டங்களைப் பார்ப்போம். கோப்பிக் காலந்தொட்டு நம் முன்னோர் குடியிருந்தவை லயங்கள். 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, தலைமேலே தகரம். அவற்றின் படத்தை வரைந்தவன் ஓர் இரவேனும் அங்கே உறங்கியவனல்லன். தொழிலாளரை ஓரிடத்தில் அடக்கிவைப்பதற்கு ஆகும் மிகக் குறைந்த செலவு எதுவோ, அதுவே அப்படத்தின் இலக்கணமாயிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஏட்டிலே இருந்தது. மக்கள் லயத்திலே இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையிலும் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன.

லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் எழுகின்றன. ஏழு பேர்ச் காணியும், இந்திய உதவியாலான 550 சதுரவடி வீடும் நம்மவர் பலரைச் சொந்த மனைக்கு உரியவராக்கியுள்ளன. இதனைக் குறைகூறுவோர் நன்றி மறந்தவராவர். ஆயினும், ஒன்றைக் கூறாதிருத்தல் இயலவில்லை. வீட்டின் படம் இன்றும் நமக்கு வெளியிலிருந்தே வருகின்றது. கொழுந்துக் கூடையோடும் நனைந்த படங்கோடும் வருபவள் அவற்றை எங்கே வைப்பாள்? விறகு எங்கே உலரும்? பிள்ளை எந்த வெளிச்சத்திற் படிப்பான்? இக்கேள்விகளைக் கேட்க அறிந்தவன் லயத்திலே பிறந்த பிள்ளை. அவற்றுக்கு விடையை வரைய அறிந்தவன் கட்டடக்கலை கற்றவன். இவ்விருவரும் ஒருவராகும் நாள்வரை, நம் வீட்டைப் பிறரே நமக்காக எண்ணிக்கொண்டிருப்பர்.

அந்நாளை அணுகுவதற்குச் சிறிய மரவேலைகளே தக்க படிகள். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே, நிறைக்காகக் காத்துநிற்கும் பெண்கள் கூடையை இறக்கிவைக்க இடுப்பளவில் ஒரு மேடை வேண்டும். பிள்ளைக் காம்பராவிலே குழந்தைகளின் காலளவுக்கு ஏற்ற வாங்குகள் வேண்டும். பாடசாலைப் பிள்ளை மழையிற் பஸ்ஸுக்கு நிற்கும் சந்தியிலே ஒரு சிறு கூரை வேண்டும். வீட்டிலே, மடக்கிச் சுவரோடு சேர்த்து வைக்கத்தக்க ஒரு படிப்பு மேசை வேண்டும். இவற்றில் எதனையும் ஒரு மாணவன், தோட்டத்து ஆசாரி ஒருவரின் துணையோடு, ஒரு விடுமுறைக்குள்ளே செய்து முடிக்கலாம். பிழை நேரினும் அழிவு சிறிது; பாடம் பெரிது. பயன்கொள்வோர் நாள்தோறும் தொட்டுப் பார்த்துக் குறைகூறுவர். பல்கலைக்கழகத்துத் தேர்வாளரினும் கண்டிப்பான தேர்வாளர் அவரே.

மரத்துக்கு எங்கே போவது, காடழிக்கச் சொல்லுகிறீரா என்று வினவுவார் உளர். காட்டு மரத்தைத் தொட வேண்டுவதில்லை. தேயிலைக்கு நிழலாக வளர்க்கப்படும் கிரேவில்லியா, நம்மவர் சவுக்கு என்று வழங்கும் மரம், வெட்டவும் மீண்டும் நடவும் உரியது. பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கங்களிலே யூக்கலிப்டஸ் தோப்புகள் உள்ளன. முறைப்படி விலைகொடுத்து வாங்கி, நன்றாக உலரவிட்டுப் பயன்படுத்தினாற் சில பலகைகளே போதும். விறகாகிப் போகும் துண்டுகளுள்ளும் சிற்றுருவங்களுக்கு வேண்டிய மரம் கிடைக்கும்.

மற்றொரு தடை இதனினும் ஆழமானது. நம்மவர் கல்வீட்டையே மதிப்பென எண்ணுகின்றனர். மரமும் பலகையும் வறுமையின் அடையாளமாக அவர்க்குத் தோன்றுகின்றன. அவ்வெண்ணத்தை நாம் இகழோம். தலைமுறைகளாக ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவர் சீமெந்துச் சுவரை விரும்புவது நியாயமே. வீட்டை மரத்தாற் கட்டுக என்பது எம் வேண்டுகோளன்று. வீடு கல்லாலேயே எழுக. அதனை எண்ணும் மாணவனின் கை மரத்திலே பழகுக என்பதே எம் வேண்டுகோள். கல்லும் ஒருகாலத்தில் மரத்திடமே பாடங்கேட்டது. மாமல்லபுரத்து இரதங்களின் கூரைகளும் உத்தரங்களும், மரத்தாலும் கூரைவேய்ந்தும் கட்டிய பழைய கட்டடங்களின் வடிவைப் பாறையிலே காட்டுகின்றன. திரௌபதி இரதம் நம் ஊர்க் குடிசையின் வடிவே அன்றோ!

கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மையும் நம்மிடமிருந்து நீங்க வேண்டும். நெடுநல்வாடையிலே, நண்பகல் நிழலால் திசையறிந்து நுட்பமாகக் கயிறிட்டு அரண்மனைக்கு நிலம் வகுத்தவர்களை நக்கீரர் புலவர் என்றே அழைக்கிறார். பாப் பாடுவோனுக்கும் மனை வகுப்போனுக்கும் ஒரே பெயர் வழங்கிய மொழி நம்முடையது. ஔவையார் அதியமானின் வலிமைக்கு உவமை தேடியபோது, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலைக் கண்டார். மன்னனுக்கு உவமையாகத் தகுந்த பொருள் மாணவன் கைக்குத் தகாததாகுமோ?

ஆகவே, சில செயல்களை முன்வைக்கின்றோம். 2013ஆம் ஆண்டு முதல் உயர்தரத்திலே தொழினுட்பத் துறை உண்டு. அத்துறையைக் கற்பிக்கும் ஊவாப் பாடசாலைகள் மரவேலையை ஏட்டளவில் நிறுத்தாது, போகொடைப் பாலத்தை அளந்து சிற்றுருவம் செய்யும் பணியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கணிதத்திலும் சித்திரத்திலும் ஆர்வமுள்ள பிள்ளைகளை, கட்டடக்கலைக்கு உரிய உளச்சார்புப் பரீட்சைக்கு ஆசிரியர் முற்கூட்டியே ஆயத்தஞ் செய்யலாம். இப்படியொரு படிப்பு உண்டென்பதே பல பெற்றோர்க்குத் தெரியாது. தோட்ட நிருவாகங்கள் மாணவர்க்கு ஒரு மடுவத்தின் மூலையையும் சில பலகைகளையும் உதவலாம். ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம். இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டுவதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை முற்றத்திலே மரத்தூள் சிதற அமர்ந்து ஏதோ செதுக்குகிறானாயின் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் செய்யும் வாங்கில் அமர்ந்து பாருங்கள். ஆடினால், எந்தக் காலில் ஆடுகிறதென்று சொல்லுங்கள். அவன் நாளை வரையவிருக்கும் வீட்டுக்கு நீங்கள் தரும் முதல் ஆலோசனை அதுவே.