லண்டன் செய்தால் சட்டம், நாம் செய்தால் திருட்டா?

2012ல் ஒரு புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க ஐதராபாத் கம்பெனி ஒன்றுக்கு இந்தியா கட்டாய உரிமம் கொடுத்தது. மாதம் 2,80,000 ரூபாய் மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. பேட்டண்ட் உரிமைக்காரரான ஜெர்மன் பேயர் கம்பெனியின் தலைவர் இதைத் திருட்டுக்குச் சமம் என்றார்.

தோழர்களே, இந்தத் 'திருட்டை' அவர்களுக்கு வேண்டியவர் ஒருவரும் செய்திருக்கிறார். பெயர் ஈனாக் பவல். 1961ல் பிரிட்டனின் சுகாதார மந்திரி. சோஷலிஸ்ட் அல்ல, அசல் கன்சர்வேடிவ்!

விவகாரம் டெட்ராசைக்ளின் பற்றியது. நிமோனியாவா, காலராவா, டைபஸ் காய்ச்சலா, பலவகைக் கிருமிகளையும் பெருகவொட்டாமல் தடுக்கும் மருந்து. அமெரிக்காவில் 1950களில் இதை விற்ற கம்பெனிகள் பல. விலை மட்டும் ஒன்றே. கடையில் நூறு காப்ஸ்யூல் 51 டாலர்! செனட்டர் கெஃபாவர் 1959 டிசம்பரில் தொடங்கிய விசாரணை மருந்து விலைகளின் குட்டை உடைத்தது. தயாரிப்புச் செலவு 4 டாலர்கூட இல்லை என்று சர்க்கார் தரப்பு கணக்குக் காட்டிற்று. கூடிப் பேசி விலை வைத்தார்கள் என்ற வழக்கில் 1967ல் மூன்று கம்பெனிகள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு. மறுவிசாரணையில் 1973ல் விடுதலை. சதி நிரூபணமாகவில்லையாம்.

இத்தாலியிலோ 1978 வரை மருந்துக்குப் பேட்டண்டே கிடையாது. சரக்கு மலிவு. அமெரிக்க ராணுவமே அங்கிருந்து வாங்கிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவல் கணக்குப் பார்த்தார். ஆஸ்பத்திரிகளின் மருந்துச் செலவு சர்க்கார் தலையில். 1949ஆம் வருஷத்துப் பேட்டண்ட் சட்டத்தின் 46ஆவது பிரிவைக் கையிலெடுத்தார். அரச சேவைக்கு என்றால் உரிமைக்காரன் சம்மதம் தேவையில்லை, ஈட்டுத்தொகை கொடுத்தால் போதும். மலிவு மருந்து இறக்குமதியாயிற்று. ஃபைசர் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 1965ல் பிரபுக்கள் சபை சர்க்கார் பக்கமே தீர்ப்பளித்தது. திருட்டு என்று தீர்ப்பில் ஒரு வார்த்தை உண்டா?

நம் நாட்டில் அப்போது வெள்ளைக்காரன் போட்ட 1911ஆம் வருஷத்துச் சட்டம். அதன் கோளாறுகளை நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959லேயே பிட்டுப் பிட்டு வைத்தார். இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று என்று கெஃபாவர் கமிட்டியும் சொல்லிற்று. ஆயினும் புதுச் சட்டம் வர 1970 ஆயிற்று. மருந்துக்குப் பேட்டண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டுமே என்றது அது. 2005ல் உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகளுக்குப் பணிந்து, பழைய பூட்டைத் திரும்பப் போட்டார்கள்.

ஆனால் சாவி தொலைந்துவிடவில்லை. நம் சட்டத்தின் 100ஆவது பிரிவு, பவல் எடுத்த அதே ஆயுதந்தான். விலையுயர்ந்த மருந்தைச் சர்க்கார் ஆஸ்பத்திரி நோயாளிக்கு வாங்க வக்கில்லை என்று கையை விரிக்கும் டில்லி மந்திரிகள், முதலில் அந்தப் பிரிவைப் படிக்கட்டும்.