பாட்டைக் கூட்டி வையுங்கோ தம்பி!

பழைய கார் வைத்திருப்பவனுக்கு வெளிநாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஆலோசனைக்குப் பஞ்சம் வராது. தமிழ்க்கடை வாசலிலோ, சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு வெளியே ஆக்கள் நின்று சிகரெட் பத்துகிற இடத்திலோ பொனற்றைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்று பாருங்கள். ஐந்து நிமிசத்தில் ஏழு பேர் கூடிவிடுவார்கள். ஏழு பேரும் ஏழு வருத்தம் சொல்வார்கள். "சத்தம் எங்கையிருந்து வருது?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இதை நான் வயித்தெரிச்சலில்தான் எழுதுகிறேன். மொத்தம் 430 யூரோ வயித்தெரிச்சல். குசினியில் வேலை செய்கிறவனுக்கு அது ஒரு கிழமைச் சம்பளத்துக்கு மேலே.

போன வருசம் சித்திரை மாதம் ஒரு கார் வாங்கினேன். 2010ஆம் ஆண்டுக் கொம்பி, 187,000 கிலோமீற்றர் ஓடினது, விலை 2,800 யூரோ. மார்க்கைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் விசயத்தை விட்டுவிட்டு அந்த மார்க்குக்காகச் சண்டைக்கு வருவீர்கள். விற்றவர் எங்கட ஆள்தான். "தூவ் புதுசு, ரயர் புதுசு மாதிரி, கட்டை பாருங்கோ எவ்வளவு ஆழம்" என்றார். பார்த்தேன். ஆழமாகத்தான் இருந்தது.

நான் ஹம்மில் இருக்கிறேன், வேலை டோர்ட்முண்டில் ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக்கடையில். இரவு பதினொன்றரைக்குப் பிறகு அடுப்பைத் துடைத்து, நிலத்தைக் கழுவி வெளியே வந்தால் ரயிலைப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் ஹம் பக்கம் போகிற இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏ2 நெடுஞ்சாலையால் வருவேன். ஒருவர் கோப்பை கழுவுகிற சிரியப் பொடியன். மற்றவர் சலாட் பகுதியில் நிற்கிற அக்கா, வன்னி ஆள்.

வைகாசியில் சத்தம் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது தும்... தும்... தும்... அறுபதில் தவிலில் விரல் ஓடுகிற மாதிரி. நூறுக்கு மேலே போனால் தனித்தனி அடி கேட்காது, ஒரே உறுமல். காருக்குள் கதைக்க முடியாது.

வழமைபோல் ஆலோசனைச் சபை கூடியது. ஒருவர் எஞ்சின் மவுண்ட் என்றார். இன்னொருவர் சைலன்சர். மூன்றாமவர், லீசிங்கில் எடுத்த புதுக் காரின் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு, "இதுக்குத்தான் பழசு வாங்கக்கூடாது" என்றார். இது ஆலோசனையா நக்கலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு: முன்பக்கச் சில்லுப் பெயாரிங்.

அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு எங்கட மெக்கானிக் அண்ணையிடம் போனேன். அவர் பகலில் தொழிற்சாலை வேலை, பின்னேரம் வாடகைக் கராஜில் கார் திருத்துவார். "அண்ணை, முன் பெயாரிங் போல கிடக்கு" என்றேன். அவர் காரை ஓடிப் பார்க்கவில்லை. முன் இடது பெயாரிங்கை மாற்றினார், 240 யூரோ. சத்தம் போகவில்லை. "அப்ப டிரைவ் ஷாப்டாத்தான் இருக்கும்" என்றார். அதுவும் மாறியது, 190 யூரோ. சத்தம் போகவில்லை. மூன்றாம் தரம் போனபோது கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, பழைய கார் எண்டால் சத்தம் வரும்தானே. பாட்டைக் கூட்டி வையுங்கோ."

நானும் கூட்டி வைத்தேன். அதுதான் வெட்கம். இரண்டு கிழமை பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, 120இல் ஓடினேன்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். சத்தம் தொடங்கின முதல் கிழமையே அவர் சொன்னார்: "தம்பி, என்ரை சீற்றுக்குக் கீழைதான் ஆரோ தவில் அடிக்கினம்." அவர் எப்போதும் பின்னுக்கு, வலப்பக்கம் இருப்பவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, எஞ்சின் முன்னுக்கு. சத்தம் பொடியாலை பரவி வரும். உங்களுக்கு உது விளங்காது."

2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஷெல் குத்துகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பங்கருக்குள் இறங்க எத்தனை நொடி இருக்கிறது என்று கணக்குப் பார்த்த மனுசி அவர். அந்தக் காதுக்குச் சத்தம் வருகிற இடம் விளங்காதாம். அவருக்கு லைசென்ஸ் இல்லை, பொம்பிளை, ஆகவே கார் பற்றிச் சொல்ல உரிமை இல்லை. தேர்முட்டியடி வாய்வீரர் ஏழு பேரின் சொல்லுக்கு 430 யூரோ கொடுத்தேன். சத்தத்துக்கு மேலேயே குந்தியிருந்த மனுசியின் சொல்லை ஒரு சதத்துக்கும் மதிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வேலையில் தக்காளி வெட்டிக்கொண்டு நிற்கும்போது மண்டையில் தட்டியது. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் படித்தவன். முடிக்கவில்லை. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டிய பிறகு அங்கே பெடியள் படிப்பதா உயிரோடு இருப்பதா என்று ஆகிவிட்டது, நான் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன். ஆனால் இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை, எட்டாம் வகுப்புக் காணும்.

என் காரின் சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2 மீற்றர் போகும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 16.7 மீற்றர். அப்படியென்றால் சில்லு வினாடிக்கு எட்டுத் தரம் சுற்றுகிறது. மணிக்கு 20இல் போனால் வினாடிக்கு மூன்று தரம்கூட இல்லை, வாயால் எண்ணலாம். எஞ்சினோ நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 33 சுற்று. அதன் அடியை ஒருத்தராலும் எண்ண முடியாது. நான் கேட்டதோ எண்ணக்கூடிய அடி. வேகம் கூடக் கூடுகிறது, குறையக் குறைகிறது. அப்ப அது சில்லோடு சேர்ந்து சுற்றுகிற ஒன்று.

அடுத்த ஞாயிறு காலை வெறும் றோட்டில் ரேடியோவை நிற்பாட்டிவிட்டு ஓடிப் பார்த்தேன். அறுபதில் கிளச்சை மிதித்து எஞ்சின் சுற்றைக் குறைய விட்டேன், தவில் அப்படியே அடித்தது. எஞ்சின், மவுண்ட், சைலன்சர் மூன்றும் விடுதலை. பிறகு ஸ்ரியறிங்கை மெதுவாக இடமும் வலமும் வளைத்தேன். பெயாரிங் பழுதென்றால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது பெரும்பாலும் சத்தம் கூடும், மற்றப் பக்கம் சாயக் குறையும். மாற்றமே இல்லை. புதிதாகத் தார் போட்ட துண்டில் உறுமல் கொஞ்சம் அமுங்கியது, சொரசொரப்பான துண்டில் திரும்பவும் எழும்பியது. றோட்டுக்குத் தக்கபடி சுருதி மாறினால் முதல் சந்தேகம் ரயரில்தான்.

ஜாக் வைத்துப் பின் ரயர்களை முன்னுக்கும், முன் ரயர்களைப் பின்னுக்கும் மாற்றினேன். ஐம்பதைத் தாண்டாமல் ஒரு சுற்றுப் போனேன். தவில் முன்னுக்கு வந்துவிட்டது, ஸ்ரியறிங்கும் கையில் ஆடியது. செலவு: ஒரு மணித்தியாலமும் ஒரு சேட்டும்.

திங்கட்கிழமை ஜெர்மன்காரரின் ரயர்க்கடை. அந்தக் கிழவர் சில்லைக் கழற்றி மெசினில் சுழற்றிக் காட்டினார். வலப்பக்கப் பின் ரயராக இருந்தது, ஒரு இடத்தில் முதுகு வீங்கிக்கிடந்தது. ரயரின் கட்டைக்குக் கீழே உருக்குக் கம்பியாலான பட்டி இருக்கும், அது உள்ளே பிரியத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வீக்கம் றோட்டில் ஒரு அடி. அதுதான் எங்கட தவில். அக்காவின் சீற்றுக்கு நேர் கீழே. "இதோடையா ஓட்டோபானில் ஓடினாய்?" என்று கேட்டார். முழுக்கப் பிரிந்தால் 120இல் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரயரின் பக்கத்தில் DOT என்ற மூன்று எழுத்துக்களோடு வருகிற வரியின் கடைசி நாலு இலக்கத்தைக் காட்டினார்: 2314. அதாவது 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. கட்டை ஆழமாக இருந்ததற்குக் காரணம் அது புதிசு என்பதல்ல, யாரோ ஒருவரின் நிலவறையில் வருசக்கணக்காகக் கிடந்தது. றப்பர் கிடந்தாலும் கிழடாகும். ஜெர்மனியில் காரின் ரயருக்கு வயதுக் கட்டுப்பாடு கிடையாது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீற்றர் கட்டை ஆழம். ஆகவே தூவில் பாஸாகிவிட்டது என்பது ரயர் நல்லது என்ற அத்தாட்சி அல்ல. மற்றப் பின் ரயரைக் கையால் தடவினால் வாள் பல்லு மாதிரி ஏறி இறங்கியிருந்தது. பின் ஷொக் இரண்டும் செத்துப்போனால் ரயர் துள்ளித் துள்ளி அப்படித்தான் தேயுமாம். நாலு ரயருக்கும் 360, ஷொக்குக்கு 310. பில் தந்தார். சத்தம் போயிற்று.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

சின்ன வயதில் அப்பா வாடகைக்கு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஓடினவர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடுவார்கள். உதிரிப்பாகம் என்ற சொல்லே மறந்துபோன காலம். அப்போது கராஜ்காரர் நீளமான ஸ்குறூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். ஓடிப் பார்க்கப் போனால் என்னைப் பின்சீற்றில் ஏற்றிவிட்டு, "தம்பி, எந்தப் பக்கம் கேக்குது, சொல்லு" என்பார். பத்து வயதுப் பொடியனைக் கேட்பார்! பிழையான சாமானைக் கழற்றினால் மாற்றிப் போட இன்னொன்று கிடையாது. அதனால் முதலில் கேட்டார்கள், பிறகு கழற்றினார்கள். இங்கே எந்தச் சாமானும் அடுத்த நாள் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதனால் முதலில் கழற்றுகிறோம். கேட்பதே இல்லை.

"எங்கட ஆளிட்டைக் குடுத்தால் மலிவு" என்பீர்கள். பிழையான இடத்தில் போட்ட மலிவான பெயாரிங் மலிவா? பில் இல்லை, ஆகவே திரும்பக் கேட்க வழியும் இல்லை. கார் விற்கிற கதையும் இதுதான். இங்கே வியாபாரி ஒருவர் தனியாளுக்குப் பழைய கார் விற்றால் பழுதுக்கான பொறுப்பை முற்றாகக் கைகழுவ முடியாது. 2022இலிருந்து, முதல் ஒரு வருசத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போது இருக்கவில்லை என்று பொதுவாக வியாபாரிதான் நிரூபிக்க வேண்டும். தனியாள் விற்றால் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் விலக்கலாம். அதனால் மாதத்துக்கு நாலு கார் விற்கிற எங்கட ஆக்கள் ஒப்பந்தத்தில் மாமியாரின் பெயரைப் போடுகிறார்கள். நாங்களும் "தெரிஞ்ச ஆள்தானே" என்று வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறோம். என் கார் ஒப்பந்தத்தில் இருக்கிற அம்மாவை நான் கண்டதே இல்லை.

ஆனால் மெக்கானிக் அண்ணையை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் நானும் கள்ளன்தான். வருத்தத்தைச் சொல்லாமல் மருந்தைச் சொல்லிக்கொண்டு போனவன் நான். "பெயாரிங்" என்று கேட்டேன், பெயாரிங் தந்தார். "அறுபதில் தவில் மாதிரி, பின்னுக்கு வலப்பக்கம்" என்று சொல்லியிருந்தால் அவரும் அங்கே பார்த்திருக்கலாம். அந்த வசனத்தை அக்கா எனக்கு இலவசமாகத் தந்தவர். நான் அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர் மூன்றாம் தரம் சொன்ன அந்த வசனத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்ல எங்கட ஆம்பிளையளுக்கு வாய் வராது, பாட்டைக் கூட்டி வையுங்கோ என்றுதான் வரும்.

ரயர் மாற்றின இரவு அக்கா காரில் ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும் சொன்னார்: "தம்பி, தவில்காரன் போட்டான் போல." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இப்ப முன்னுக்கு இடப்பக்கம் ஏதோ கிலுகிலுக்குது" என்றார்.

நான் ரேடியோவை நிற்பாட்டினேன்.

பி.கு: உங்கள் காரின் நாலு ரயரிலும் அந்த நாலு இலக்கத்தையும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். சிலவேளை உள்பக்கமாக இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும்.